முழங்கால் பட்ட இரும்பு

திம்மப்பன் தட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டால் ஓசூர் வட்டாரத்தில் மறுபேச்சுக் கிடையாது. எந்த வண்டிக்கும் அடியில் நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டங்கள் ஓடும். சேஸ் என்பார்கள். எஞ்சின், மேல்கூடு, சுமை எல்லாம் அதன் மேல்தான் உட்காரும். பழைய லாரி வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்னால் திம்மப்பனைக் கூப்பிடுவார்கள். அவன் சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு, சட்டத்தைச் சாணுக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போவான். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நல்ல இரும்பு 'டங்' என்று இழுத்துக் குரல் கொடுக்கும். வெடிப்பு இருந்தால் 'டொக்' என்று அங்கேயே நின்றுவிடும். கிருஷ்ணகிரியிலிருந்தும் ஆனேக்கல்லிலிருந்தும் அவனைத் தேடி வந்தார்கள்.

கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கூலிக் குடும்பத்தில் பிறந்தவன் அவன். இரண்டாம் உலகச் சண்டை நடந்த காலத்தில் பெங்களூருக்கு ஓடிப்போய் விமானத் தொழிற்சாலையில் சேர்ந்து, அலுமினியத் தகட்டை வளைக்கவும் ஆணி அடிக்கவும் பழகினான். சண்டை முடிந்ததும் ஆட்களைக் குறைத்தார்கள். ஓசூருக்கு வந்து, பெங்களூர் சாலையில் பெருமாளோடு கூட்டாகப் பட்டறை போட்டான். காஸ் வைத்துப் பற்றவைப்பது பெருமாள் வேலை, தகட்டு வேலை இவனுடையது. லாரிக்குப் பெட்டி, பஸ்ஸுக்குப் பெட்டி, மறுபடியும் லாரிக்குப் பெட்டி. எட்டு வருஷம் இப்படியே போயிற்று.

ஐம்பத்து நாலாம் வருஷம் சின்ன சாவுகார் ஒரு படத்தோடு வந்தார். பெங்களூரில் பட்டு வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை, கன்னடம் கலந்துதான் தமிழ் பேசுவார். சீமைப் பத்திரிகை ஒன்றிலிருந்து கிழித்த தாள் அது. அதில் இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. முன்பக்கம் நீண்டு, சக்கரங்களுக்கு மேல் தகடு அலை போல ஏறி இறங்கி, பின்னால் போய்ச் சுருங்கிற்று. எங்கேயும் ஒரு மூலை கிடையாது.

"இதைத் தருவிக்க சர்க்கார் பெர்மிட் குடுக்கல்ல, மேஸ்திரி. ஏதாவது ஹளே, பழைய கார் சேஸ் மேல இதே மாதிரி நீங்க கட்டிக் குடுக்க ஆகுத்தா?"

"ஆகும் சாமி. சேஸ்தான் அமையணும். சின்னதா, தாழ்வா இருக்கணும்."

"ஹுடுகலாம், தேடிப் பாக்கலாம். ஆனா ரொம்ப நாள் ஆச்சுன்னா நான் பம்பாய்க்கு ஹோகணும். அங்கே ஒருத்தன் செய்றானாம்."

படத்தைத் திம்மப்பன் சாமான் அலமாரியின் கதவில் உள்பக்கமாக ஒட்டிவைத்தான். ஸ்பானர் எடுக்கப் போனவன் கதவைத் திறந்தபடி நின்றுகொண்டிருப்பான். "ஏம்பா, அதென்ன சாமி படமா? ஒரு கற்பூரம் வாங்கிட்டு வரட்டுமா?" என்பான் பெருமாள். படத்தில் காருக்குப் பக்கத்தில் நின்ற மனிதனின் உயரத்தை வைத்துத் திம்மப்பன் கணக்குப் போட்டு, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் எவ்வளவு தூரம் வேண்டும் என்று ஒரு நூலில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தான். சாவுகார் அனுப்பிய ஜீப் சேஸ் குட்டையாகவும் உயரமாகவும் இருந்தது. அமெரிக்கக் கார் ஒன்று வந்தது. அது நூலைத் தாண்டி ஒரு முழம் நீண்டது. ஏழு மாதம் தேடியும் அமையவில்லை. அடுத்த மாதம் பம்பாய் போகிறேன் என்று சாவுகார் ஆள் அனுப்பிவிட்டார்.

அந்த வாரம்தான் கெலமங்கலத்திலிருந்து ஒரு ஜோடி மாடு ஒரு சின்ன ஆஸ்டின் காரை இழுத்து வந்து பட்டறை முன்னால் நிறுத்தியது. முன் அச்சு வளைந்து, ஒரு சக்கரம் கோணலாக உருண்டது. மாட்டோடு நடந்து வந்தவள் சென்னம்மாள். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவள் தம்பி முனிவேல். இருபது வயது இருக்கும்.

அது வாடகைக் கார். அவள் புருஷன் முனிசாமி கெலமங்கலத்துக்கும் ஓசூருக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தான். போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். மாமாவிடம் ஓட்டப் பழகியிருந்த முனிவேல் வண்டியை எடுத்தான். இரண்டு மாதத்தில் தொரப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பாலத்துச் சுவரில் மோதிவிட்டான்.

"எருமைக்கு ஒதுங்கினேனுங்க. வேகமாக்கூட வரலீங்க" என்றான் முனிவேல், யாரும் கேட்காமலே.

"அவரு உன்னையக் கேட்டாரா? எருமையும் பொழச்சுது, நீயும் பொழச்ச, உடு" என்ற சென்னம்மாள் திம்மப்பன் பக்கம் திரும்பினாள். "அச்ச நிமித்திரலாம், அடிச் சட்டம் வெடிச்சிருந்தா மட்டும் தொடாதீங்கன்னு எங்க ஊரு கொல்லரு சொல்லிட்டாருங்க. நீங்க தட்டிப் பாத்துச் சொல்லுங்க, மேஸ்திரி. நீங்க சொன்னா முடிஞ்சது. இதுதான் எங்களுக்குச் சோறு."

"மேல்கூட்டக் கழட்டித்தான் பாக்கணும். மூணு நாள் கழிச்சு வாங்க."

இரண்டாம் நாள் பெருமாள் காஸ் வாங்கப் பெங்களூர் போயிருந்தான். மேல்கூட்டைக் கழற்றியாகிவிட்டது. வெறும் சேஸ் இரண்டு மரக்கட்டைகள் மேல் கிடந்தது. திம்மப்பன் முதலில் சுத்தியலை எடுக்கவில்லை. நூலை எடுத்தான். முன் அச்சில் ஒரு முனையை வைத்துப் பின்னால் இழுத்தான். முடிச்சு பின் அச்சின் நடுவில் வந்து உட்கார்ந்தது. மறுபடி இழுத்துப் பார்த்தான். அதே இடம்.

பிறகுதான் தட்டினான். முன்னிருந்து பின்வரை, பின்னிருந்து முன்வரை. எங்கே தட்டினாலும் 'டங்'. அச்சு மட்டும்தான் வளைந்திருந்தது. இரண்டு நாள் வேலை. அவ்வளவுதான்.

அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னொரு சேஸ் கிடைக்கும், பொறு என்று சொல்லிக்கொண்டான். பம்பாய் என்றும் சொல்லிக்கொண்டான்.

மூன்றாம் நாள் அக்காவும் தம்பியும் வந்தார்கள். வேண்டுமென்று திட்டம் போட்டு வைத்திருந்தான் என்று சொல்ல முடியாது. தகட்டு வேலைக்காரர்கள் சாக்கை மடித்து இரும்பின் மேல் போட்டு அதில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு வேலை செய்வது வழக்கம். அவனும் அப்படித்தான் உட்கார்ந்தான். பின்பக்கம் தட்டினான், 'டங்' என்றது. நடுவில் தட்டினான், 'டங்' என்றது. முன்பக்கம் நகர்ந்தான். சாக்கையும் நகர்த்தினான். முழங்காலை, தட்டப் போகிற இடத்துக்கு ஒட்டினாற்போல், உடம்பின் பாரம் முழுக்க இறங்கும்படி ஊன்றினான்.

'டொக்.'

தட்டும் இடத்தை ஒட்டி இரும்பைச் சதையால் அமுக்கினால் எந்த இரும்பும் அப்படித்தான் சொல்லும். பட்டறைக்காரனுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது.

முனிவேல் குனிந்து பார்த்தான். "நான் ஒருவாட்டி தட்டிப் பாக்கட்டுங்களா?"

திம்மப்பன் சுத்தியலை நீட்டினான். முழங்காலை எடுக்கவில்லை. முனிவேல் பின்னால் தட்டினான், நடுவில் தட்டினான், கடைசியாக முன்னால் தட்டினான். 'டொக்' என்றதும் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"வெடிப்புக் கண்ணுக்குத் தெரியலீங்களே" என்றாள் சென்னம்மாள்.

"உள்வெடிப்பு."

"பத்த வெச்சா?"

"ஆளுங்க ஏறுற வண்டிம்மா. நான் வெக்க மாட்டேன்."

அவள் சட்டத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு கும்பிட்டாள். "வேற யாராச்சும்னா பத்தவெச்சுக் காச வாங்கிட்டு அனுப்பியிருப்பாங்க. நீங்க உள்ளதச் சொன்னீங்க."

பழைய இரும்பு விலைக்குக் கார் கைமாறியது. சாவுகாரின் ஆள்தான் வாங்கினான் என்பது அவளுக்குத் தெரியாது. திம்மப்பன் அதில் ஒரு காலணாகூடத் தொடவில்லை. அதை ஒரு சமாதானமாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பத்து மாதம் வேலை நடந்தது. எஞ்சினை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளி இறக்கினார்கள். தேக்கில் எலும்புக்கூடு கட்டினார்கள். ராணுவக் கழிவில் ஏலம் எடுத்த அலுமினியத் தகட்டைத் திம்மப்பன் மணல் மூட்டையின் மேல் வைத்து மரச்சுத்தியலால் குழித்து, குடைந்த மரக்கட்டையில் வைத்து வளைத்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவி மேடு பள்ளம் பார்த்தான். மண்ணெண்ணெய் தடவி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பான். கூரையின் நிழல் தகட்டில் உடையாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். உடைந்தால் மறுபடி மணல் மூட்டை. ஒரு முன்சக்கர மூடிக்கு மட்டும் ஏழு தகடு வீணாயிற்று. அந்த வேலையில் இருந்தபோது அவன் சந்தோஷமாக இருந்தான். அதை மறைக்க முடியாது.

ஆனால் ஆரம்பத்திலேயே ஒன்று நடந்துவிட்டது. எலும்புக்கூட்டைத் தாங்கும் இரும்புக் காதுகளைப் பெருமாள் முன்பக்கம் பற்றவைத்துக்கொண்டிருந்தான். கசடு உதிரச் சட்டத்தில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினான். நிறுத்தினான். மறுபடி தட்டினான்.

"ஏம்பா திம்மா. இது வெடிச்ச சட்டம்னு சொன்னியே."

"ம்."

"கோயில் மணியாட்டம் கேக்குதே. இதான் உன் உள்வெடிப்பா?"

திம்மப்பன் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பெருமாள் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு அவனையே பார்த்தான். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். "எனக்கு மூணு பொண்ணுங்க இருக்காங்கப்பா. நான் ஒண்ணும் கேக்கல" என்றான். அதற்குப் பிறகு அந்தச் சேஸை யாரும் தட்டவில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் தை மாதம் சின்ன சாவுகார் வந்து சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு போனார். சாலையின் இரண்டு பக்கமும் ஜனம் நின்றது. "மேஸ்திரி, சீமையிலகூட நம்ப மாட்டான்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கார் ஆனேக்கல் பக்கம் போய் மறையும்வரை திம்மப்பன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அடுத்த லாரிக்குப் பெட்டி அளக்கப் போனான்.

திம்மப்பன் மத்திகிரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தான். அந்தச் சித்திரையில் அதே வரிசையில் கடைசி வீட்டுக்குப் புதிதாக ஒருத்தி குடிவந்தாள். கால்நடைப் பண்ணையில் தீவனம் அறுக்கும் வேலை. அவன் மனைவி ஜோதியம்மாள் அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, இவங்க உங்களத் தெரியும்ங்கிறாங்க."

சென்னம்மாள். இளைத்திருந்தாள். கை முழுக்கப் புல் கிழித்த கோடுகள். "மேஸ்திரிய எனக்குத் தெரியாதா? அக்கா, எங்க கெலமங்கலத்துல யாரு வண்டி வாங்கினாலும் நான் சொல்றதுண்டு, ஓசூர்ல ஒரு மனுசன் இருக்காரு, தனக்கு வர்ற வேலயக்கூட வேண்டாம்னு உள்ளதச் சொல்வாருன்னு. நாலு பேர நான் அனுப்பியிருக்கேன். வந்தாங்களா அண்ணா?"

வந்திருந்தார்கள். திம்மப்பன் தலையசைத்தான்.

அதிலிருந்து வாரம் இரண்டு தடவை அவள் பண்ணை வரப்பில் பறித்த கீரையை ஒரு கட்டுக் கட்டி ஜோதியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போவாள். காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வாள். தட்டில் கீரை வந்தால் திம்மப்பன் அதை ஓரமாக ஒதுக்கினான். "நாக்குச் செத்துப் போச்சா உங்களுக்கு? அண்ணனாட்டம் நெனச்சுப் பறிச்சுட்டு வருது அந்தப் பொண்ணு" என்பாள் ஜோதியம்மாள். அப்புறம் அவன் சாப்பிடப் பழகினான். அது இன்னும் மோசமாக இருந்தது.

முனிவேலைப் பற்றி அவனாகக் கேட்கவில்லை. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னம்மாள் ஒரு கடிதத்தோடு வந்தாள்.

"தம்பி காயிதம் போட்டிருக்கான் அண்ணா. எப்பவும் படிச்சுச் சொல்ற வாத்தியாரு ஊருக்குப் போயிட்டாரு. நீங்க கொஞ்சம் படிங்க."

"எங்க இருக்கான்?"

"கோலார் தங்கவயல்ல. வண்டிய வித்த மாசமே போயிட்டான். தீவாளிக்கும் வரல, பொங்கலுக்கும் வரல. மொகத்தக் காட்ட மாட்டேங்கிறான்."

திம்மப்பன் படித்தான். முனிவேல் சௌக்கியம் விசாரித்திருந்தான். பத்து ரூபாய் அனுப்பியிருப்பதாக எழுதியிருந்தான். அடுத்த வரியில் அவன் கண் நின்றது. அதைத் தாண்டி, "இப்படிக்கு உன் தம்பி முனிவேல்" என்று முடித்தான்.

சென்னம்மாள் கடிதத்தை எட்டிப் பார்த்தாள். "அவ்வளவுதானா? ரெண்டு பக்கம் எழுதியிருக்கானே."

அவன் தாளைத் திருப்பினான். விட்டதைப் படித்தான்.

"அக்கா, பெண் பார்ப்பதாக எழுதாதே. மாமா வண்டியை உடைத்தது நான். நானே தட்டிப் பார்த்தேன், அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. உனக்கு ஒரு வண்டி வாங்கிக் கொடுக்காமல் ஊருக்கு வரமாட்டேன். மேலே செய்கிற வேலையில் மிச்சம் பிடிக்க முடியவில்லை. வருகிற மாதம் முதல் அடி ஆழத்தில் வேலைக்குப் பேர் கொடுத்திருக்கிறேன். அங்கே கூலி அதிகம்."

"அடி ஆழம்னா?" என்றாள் சென்னம்மாள்.

"சுரங்கத்துக்குள்ள. ரொம்பக் கீழ."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எருமைக்கு ஒதுங்கின பையன் அண்ணா அவன். வேணும்னா செஞ்சான்? நீங்களே ரெண்டு வரி எழுதுங்க. இரும்புன்னா வெடிக்கத்தான் வெடிக்கும், உம்மேல தப்பில்லன்னு நீங்க சொன்னா கேப்பான்."

தாள் திம்மப்பன் கையில் இருந்தது. அவள் எதிரில் இருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். "நான் எழுதல" என்றான். "நேர்ல போய்ச் சொல்றேன்."

மறுநாள் மாலூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ரயிலில் பவுரிங்பேட்டை ஜங்ஷனில் இறங்கித் தங்கவயல் வண்டிக்கு மாறினான். வழி நெடுக, என்ன சொல்வது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனான். எருமை என்று ஆரம்பித்தான், பம்பாய் என்று ஆரம்பித்தான். எதிலும் தன் முழங்கால் கடைசியில்தான் வந்தது.

பகல் ஷிப்ட் விடும் நேரத்துக்குச் சுரங்க வாசலில் நின்றான். முனிவேல் அவனை உடனே அடையாளம் கண்டுகொண்டான். முகத்தில் பயம் தெரிந்தது. "அக்காவுக்கு ஏதாச்சும்...?"

"அக்கா நல்லா இருக்காங்க. தம்பி, உங்க வண்டிச் சட்டம் வெடிக்கல."

முனிவேலுக்குப் புரியவில்லை. "நான் தட்டினேனுங்களே."

"நீ தட்டும்போது என் முழங்கா அது மேல இருந்துது. அமுக்கினா அப்படித்தான் கேக்கும். நான் வேணும்னே வெச்சேன்."

ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். முனிவேல் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். துடைத்த முகத்தைத் துணிக்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குங்க?"

"அந்த அளவுல ஒரு சேஸ் எனக்கு வேண்டியிருந்துது. ஒரு கார் கட்டறதுக்கு."

"கேட்டிருக்கலாம் இல்லீங்களா?"

"குடுத்திருக்க மாட்டீங்க."

"மாட்டோம்" என்றான் முனிவேல்.

அவன் அடிக்கவில்லை. அடிப்பான் என்று திம்மப்பன் எதிர்பார்த்திருந்தான். அதைப் பணிந்து வாங்கிக்கொள்ள ரயிலிலேயே மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் வந்தான். முனிவேல் வேலையை விட்டு, கணக்கை முடித்துக்கொண்டு பெட்டியை எடுக்க ஒரு நாள் ஆயிற்று. திரும்பும்போது ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மாலூர் நெருங்கும்போது முனிவேல் கேட்டான்.

"அந்தக் கார் இப்ப ஓடுதுங்களா?"

"ஓடுது."

"ஓடும். மாமா மாசத்துக்கு ஒருக்கா சட்டத்துக்கு எண்ணெ பூசுவாரு."

மத்திகிரியில் முனிவேலைப் பார்த்ததும் சென்னம்மாள் அறுத்த தீவனக் கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். திம்மப்பன் அவள் அழுது முடிக்கும்வரை நின்றான். பிறகு சொன்னான். இந்தத் தடவை முழங்காலில் ஆரம்பித்தான். ஜோதியம்மாளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சென்னம்மாள் ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்தச் செவப்பு வண்டியா? எங்க ஊரு ரோட்டுலகூடப் போச்சே. எவ்வளவு அழகுன்னு நின்னு பாத்தேனே."

திம்மப்பன், "ஞாயித்துக்கெழமைச் சந்தையில நின்னு எல்லாருக்கும் முன்னால சொல்றேன்மா" என்றான்.

"எனக்காகச் சொல்ல வேண்டாம். உள்ளதுக்கும் பொய்க்கும் நடுவுல என் தம்பி ஒண்ணர வருசம் ஊர உட்டுப் போயிட்டான். இன்னொருத்தரத் தொரத்த எனக்குத் தெம்பில்ல. ஆனா ஒண்ணு. உங்களப் பத்தி யாராச்சும் இனிமே எங்கிட்டக் கேட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன். நல்லதும் சொல்ல மாட்டேன், கெட்டதும் சொல்ல மாட்டேன்."

அந்த மாதமே அவர்கள் கெலமங்கலத்துக்குத் திரும்பிவிட்டார்கள். முனிவேலுக்குத் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் டிரைவர் வேலை கிடைத்தது. ஜோதியம்மாள் சில நாள் புருஷனோடு பேசவில்லை. பிறகு பேசினாள், ஆனால் பட்டறையைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. சந்தையில் திம்மப்பன் எதையும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு போனான். வெற்றிலைக் கடை வரை போய்விட்டுத் திரும்பிவிட்டான். அவள் வேண்டாம் என்றுதானே சொன்னாள் என்று அதையும் ஒரு சமாதானமாகப் பிடித்துக்கொண்டான். வண்டிகள் வந்துகொண்டிருந்தன. தட்டினான், உள்ளதைச் சொன்னான். ஆட்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மார்கழியில் கெலமங்கலத்திலிருந்து மாதப்பன் என்ற ராகி வியாபாரி, வாங்கப் பார்த்த லாரி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"மேஸ்திரி, உங்கள நம்பித்தான் வந்திருக்கேன். ஒண்ணு கேக்கட்டுங்களா? முந்தி எல்லாம் சென்னம்மாகிட்ட உங்க பேர எடுத்தா ஒரு மணி நேரம் பேசும். நேத்துக் கேட்டேன், ஒரு வார்த்த சொல்லல. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருச்சு. உங்களுக்குள்ள ஏதாச்சும் சண்டையா?"

பெருமாள் பற்றவைப்பதை நிறுத்தினான். திம்மப்பன் கையில் சுத்தியல் இருந்தது.

"சண்டையில்ல. அவங்க வண்டிக்கு நான் வெடிப்புன்னு சொன்னேன். வெடிப்பு இல்ல."

மாதப்பன் சிரித்தான். "அட, இதுக்கா? மனுசனுக்குக் காது ஒருநாள் அடைக்காதா? தப்பு எல்லாருக்கும் வர்றதுதான். தட்டுங்க."

"தப்பில்லீங்க. பொய். தெரிஞ்சே சொன்னேன். அந்த வண்டி எனக்கு வேண்டியிருந்துது."

மாதப்பனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. லாரியைப் பார்த்தான். திம்மப்பனைப் பார்த்தான். திம்மப்பனின் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தான். "அப்ப, போன வருசம் என் மச்சான் வண்டி வேண்டாம்னு சொன்னீங்களே, அது?"

"அது நெசமா வெடிப்பு."

"அதையும் நீங்கதான சொல்றீங்க" என்றான் மாதப்பன்.

வண்டிக்கு முன்னால் போய்க் கம்பியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பினான். ஏறி உட்கார்ந்து லாரியைப் பின்னுக்கு எடுத்து, கெலமங்கலம் சாலைக்குத் திருப்பினான்.

"சாயங்காலத்துக்குள்ள கிருஷ்ணகிரி வரைக்கும் போயிரும் இந்தப் பேச்சு" என்றான் பெருமாள்.

"போவட்டும்" என்றான் திம்மப்பன்.